குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டவர்



குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனால், அருவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவே கேத்தி வரும். வண்டி நின்றதும் பயணிகள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தாக்கைப் படம் பிடிப்பார்கள். கேரட், உருளைக்கிழங்குப் பாத்திகள், அவற்றுக்கு மேலே தேயிலை, நடுவில் படுகர் ஊர்களான ஹட்டிகளில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகள். இன்று நாம் நினைவுகூர வந்திருக்கும் மனிதரின் கதை இந்தப் பள்ளத்தாக்கில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இங்கே இருந்த ஒரு மாளிகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1830 வாக்கில், லஷிங்டன் சென்னை ஆளுநராக இருந்தபோது, ஐரோப்பியக் காய்கறியும் தானியமும் இந்த மலையில் விளையுமா என்று பார்க்க அரசாங்கம் கேத்தியில் ஒரு சோதனைப் பண்ணை வைத்தது. பண்ணை நீடிக்கவில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் அந்த இடத்தில் சிறிது காலம் தங்கினார். பிறகு சென்னை ஆளுநரான எல்ஃபின்ஸ்டன் பிரபு அங்கே ஒரு மாளிகை எழுப்பி, பேர் சொல்லும்படி அலங்கரித்தார். அவருக்குப் பின் அது ஜார்ஜ் ஜேம்ஸ் காசமேஜர் என்பவரின் கைக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் வேட்டையும் விருந்துமாக இருந்த நாட்களில் காசமேஜர் கேத்தியில் படுகர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். பாசல் மிஷனை மலைக்கு வரவழைத்தார். 1849-இல் இறக்கும்போது தன் சொத்தில் பெரும் பங்கை அந்த மிஷனுக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். இப்படியாக ஓர் ஆளுநரின் மாளிகை, படுகர் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் இடமாயிற்று.

பாசல் மிஷன் என்றால் நமக்கு மங்களூர் ஓடுதான் ஞாபகத்துக்கு வரும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1815-இல் தொடங்கிய அமைப்பு அது. 1834-இல் மங்களூரில் கால் வைத்தது. ஓட்டுத் தொழிற்சாலை, நெசவுச்சாலை, அச்சுக்கூடம் என்று எதைச் செய்தாலும் கணக்கோடு செய்தவர்கள். அந்த மிஷனிலிருந்துதான் மலையாளத்துக்கு அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் வந்தார். கன்னடத்தில் முதல் செய்தித்தாளை நடத்திய மோக்லிங் வந்தார். கன்னட அகராதி செய்த கிட்டல் வந்தார். தலைச்சேரியில் குண்டர்ட்டுக்குச் சிலை இருக்கிறது. அதே மிஷனிலிருந்து நீலகிரிக்கு வந்த ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் மெட்ஸ்தான் நாம் இன்று நினைவுகூரும் மனிதர். அவர் பெயரைச் சொன்னால் மலையிலேயே பலர் 'யார் அது?' என்று புருவத்தை உயர்த்துவார்கள்.

மெட்ஸ் 1840-களின் கடைசியில் வந்து, பல பத்தாண்டுகள் இந்த மலையிலேயே கிடந்தார். 'கிடந்தார்' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கோடை முடிந்ததும் கீழே இறங்கிவிடுகிற வெள்ளைக்காரர் அல்லர் அவர். ஹட்டி ஹட்டியாக நடந்து போவதே அவருடைய வேலை. அங்கே உட்கார்ந்து, படுக மொழியிலேயே பேசுவது, கேட்பது, மறுபடி நடப்பது. தென்மேற்குப் பருவமழையில் குந்தா பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த நடையின் அருமை தெரியும். தார்ச்சாலை இல்லாத காலம். எருமைத் தடமும் ஒற்றையடிப் பாதையும்தான். இந்த நடையால்தான் படுகர், தோடர், கோத்தர், குறும்பர் என்று நான்கு சமூகத்தாரோடும் பேசத் தெரிந்தவர் என்கிற நிலைக்கு அவர் வந்தார்.

இத்தனைக்கும் பலன் என்ன? மிஷன் கணக்குப்படி ஒன்றும் இல்லை. 1846-இல் கேத்தியில் வேலை தொடங்கியது. முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். நடுவில் பன்னிரண்டு ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் பாசலுக்கு அறிக்கை எழுத வேண்டும். சேர்ந்தவர் எத்தனை பேர் என்ற இடத்தில் எழுதுவதற்கு எதுவுமில்லை. தொழிற்சாலை நடத்துகிற ஒரு மிஷனில் இப்படி ஒரு கிளை எப்படித் தாக்குப்பிடித்தது என்பதே வியப்பு. காசமேஜர் விட்டுச்சென்ற பணம் ஒரு காரணம். மெட்ஸின் பொறுமை இன்னொன்று.

இதற்கு நேர் எதிரான ஒரு வருகையும் இந்த மலையின் வரலாற்றில் உண்டு. மெட்ஸுக்கு ஏறக்குறைய 250 ஆண்டு முன்பு, 1603-இல், ஜாக்கோம் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபாரிலிருந்து மலையேறி வந்தார். புனித தோமாவின் காலத்துக் கிறிஸ்தவர்கள் வழிதவறி இந்த மலைமேல் வாழ்கிறார்கள் என்று கீழே ஒரு பேச்சு. அதைப் பார்த்துவரத்தான் பயணம். தோடர்களைச் சந்தித்தார், பெண்களுக்கு முகம்பார்க்கும் கண்ணாடியும் நூல்கண்டும் கொடுத்தார், அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்று தெரிந்துகொண்டார், திரும்பிவிட்டார். நீலகிரியைப் பற்றி எழுதிவைத்த முதல் ஐரோப்பியர் என்று இன்று புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடி வந்தது கிடைக்காவிட்டால் எவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மெட்ஸ் தேடி வந்ததும் கிடைக்கவில்லைதான். அவர் திரும்பவில்லை, அவ்வளவே.

ஹட்டிகளில் மெட்ஸ் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு ஒரே ஓர் இடத்தைக் காட்டுகிறேன்.

படுகர் வீட்டுச் சாவுக்குப் போனவர்களுக்கு 'கரு ஹரசோது' தெரிந்திருக்கும். பாடையை வைத்து, ஊர் கூடி நிற்கும். முதியவர் ஒருவர் முன்னே வந்து, இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒன்றொன்றாகச் சொல்லுவார். எல்லைக் கல்லை நகர்த்தியது, ஊர்ந்து போன பாம்பை அடித்தது, அடுத்தவன் எருமை கூடுதலாகப் பால் கறப்பதைக் கண்டு வயிறெரிந்தது, ஏழையை விரட்டியது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஒரே குரலில் 'பாவம்' என்று சொல்லும். மொத்தம் 1300 பாவம் என்பது வழக்கு. இறந்தவர் அத்தனையும் செய்தார் என்பதில்லை. செய்திருந்தாலும் தீரட்டும் என்றுதான். பழைய நாளில் ஓர் எருமைக் கன்றைக் கொண்டுவந்து, அந்தப் பாவமெல்லாம் அதன்மேல் இறங்கியதாகக் கருதி, அவிழ்த்து விரட்டிவிடுவார்கள். அந்தக் கன்றை அதன் பிறகு யாரும் வேலைக்குப் பயன்படுத்த மாட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு ஜெர்மானியப் பாதிரியார் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். பாவம், பாவத்தைச் சுமக்கும் உயிர், மன்னிப்பு. இதைச் சொல்லத்தானே அவர் கடல் தாண்டி வந்தார்? இங்கே அது அவருக்கு முன்பே இருக்கிறது. அவருடைய வேதத்தின் லேவியராகமத்தில் இதே காட்சி ஓர் ஆட்டுக்கடாவோடு வரும். இந்த நிலையில் இரண்டு வழி உண்டு. இதெல்லாம் அஞ்ஞானம் என்று ஒதுக்கலாம். அல்லது, 'பார், நான் சொல்வதைத்தான் நீயும் சொல்கிறாய்' என்று பிரசங்கத்துக்குப் பயன்படுத்தலாம். மெட்ஸ் இரண்டையுமே சில இடங்களில் செய்கிறார். அவர் காலத்து மிஷனரிதானே. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்தச் சடங்கை அப்படியே எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் அனைவரும் அதை எடுத்தாண்டார்கள். படுகர் ஈமச்சடங்கைப் பற்றி யார் எழுதினாலும் இன்றைக்கும் அவரிடம் போகாமல் முடியாது.

அவர் சேர்த்த குறிப்புகள் 1856-இல் சென்னையில் ஒரு சிறு ஆங்கிலப் புத்தகமாக வந்தன. நீலகிரிப் பழங்குடிகளின் சமூக வழக்கங்களும் சமயச் சடங்குகளும் பற்றியது. முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. ஒரு ஜெர்மானிய மிஷனரியின் கரட்டுக் குறிப்புகளிலிருந்து தொகுத்தது, பதிப்பித்தவர் ஒரு நண்பர் என்று மட்டும் போட்டிருந்தது. எழுதியவருக்கும் பெயரில்லை, பதிப்பித்தவருக்கும் பெயரில்லை! முகப்பில் பெயர் சின்னதாகிவிட்டது என்று அச்சகத்தோடு சண்டை போடுகிற எழுத்தாளர்கள் இந்த அவையிலும் இருக்கலாம், மன்னிக்கவும். 1864-இல் மங்களூர் பாசல் மிஷன் அச்சகம் விரிவான இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது.

தோடர் மொழிக்கு அவர் செய்ததும் இதே மாதிரிதான். 1873-இல் கர்னல் வில்லியம் மார்ஷல் தோடர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். தோடர்களின் தலையை அளந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை இன்று யாரும் சீண்டுவதில்லை. புத்தகத்தின் பிற்பகுதியில் தோடர் மொழிக்கு ஒரு சுருக்கமான இலக்கணம் இருக்கிறது. எழுதியவர் நமக்கெல்லாம் தெரிந்தவர், ஜி.யூ. போப். திருக்குறளையும் திருவாசகத்தையும் மொழிபெயர்த்த அதே போப்பையர். ஊட்டியில் பல ஆண்டு பள்ளிக்கூடம் நடத்தியவர். அந்த இலக்கணத்தின் தலைப்பிலேயே ஒரு செய்தி அச்சாகியிருக்கிறது: மெட்ஸ் வழங்கிய தோடர் சொற்கள், வாக்கியங்களின் தொகுப்பிலிருந்தும் பிற மூலங்களிலிருந்தும் இது ஆக்கப்பட்டது. அதாவது, ஆண்டுக்கணக்கில் தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்கு ஒவ்வொன்றாக நடந்து சேர்த்த சொல்லையெல்லாம் மெட்ஸ் அப்படியே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். மார்ஷலுக்குத் தோடர்களிடம் கதவு திறந்ததும் அவரால்தான். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் எழுதிய நூலிலும், கிரிக் தொகுத்த மாவட்டக் கையேட்டிலும், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதிகளிலும் மெட்ஸின் சரக்கு இருக்கிறது.

இதை அடக்கம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஆராய்ச்சி உலகில் ஒருவர் சேர்த்த தரவை இன்னொருவருக்குக் கொடுப்பது அன்றைக்கும் அபூர்வம், இன்றைக்கும் அபூர்வம். மெட்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் கொடுத்ததற்கு, அந்தச் சொற்கள் தனக்குச் சொந்தமானவை என்று அவர் கருதாததே காரணம் என்று தோன்றுகிறது. அவருடைய வேலை ஹட்டியில் இருந்தது. புத்தகம் அதன் உபவிளைவு. விசுவாசம் ஒருவரை என்ன செய்தது என்று பார்க்க வேண்டுமானால், ஞானஸ்நானப் பதிவேட்டைவிட இந்தக் கொடுக்கல் நல்ல சாட்சி.

புகழ்ந்துகொண்டே போனால் அது இரங்கற்பா ஆகிவிடும். மெட்ஸின் புத்தகத்தில் இன்று படிக்கும்போது சுருக்கென்று தைக்கும் இடங்கள் உண்டு. மூடநம்பிக்கை, இருள் என்ற சொற்கள் தாராளமாக விழுகின்றன. குறும்பர்களின் மாந்திரீகத்துக்குப் படுகர்களும் தோடர்களும் எப்படி நடுங்கினார்கள், அந்தப் பயத்தில் 1835-இல் குறும்பர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதைப் பதிவு செய்கிறார். பயந்தவர்கள் தரப்பிலிருந்தே பெரும்பாலும் பதிவு செய்கிறார். காட்டோரத்தில் இருந்த குறும்பரின் குரல் அதில் மெல்லியதாகத்தான் கேட்கிறது.

முதலில் மதம் மாறியவர்கள் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. ஹட்டியில் பிறந்தவருக்கு மதம் என்பது தனியே கழற்றி வைக்கிற பொருள் அல்ல. ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் காணிக்கை, சாவுக்குப் பாடை தூக்கும் முறை, பெண் கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஒரே முடிச்சு. பெரியவர் முன் தலை குனிந்து, அவர் உச்சியில் கை வைத்து வாழ்த்துவதை வாங்கிக்கொள்வதுதான் அங்கே வணக்கம். அந்தக் கை எடுக்கப்பட்டால் என்ன மிஞ்சும்? 1858-க்குப் பின் சேர்ந்தவர்கள் ஊரைவிட்டு மிஷன் ஓரத்தில் வீடு கட்ட நேர்ந்தது. படுகக் கிறிஸ்தவர்கள் இன்றும் சிறுபான்மைதான். அவர்களுக்கும் ஹட்டிக்கும் உறவு மெல்ல மெல்லத்தான் சீரானது. மெட்ஸ் ஒரு வெளியூர்க்காரர். அவர் கொடுத்ததை அவர் விரும்பிக் கொடுத்தார். இவர்கள் இழந்தது பெற்றோரையும் பங்காளிகளையும்.

மெட்ஸின் மிஷனும் மலையில் நிலைக்கவில்லை. முதல் உலகப் போர் வந்ததும் பாசல் மிஷனின் ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவர் என்று தடுத்துவைக்கப்பட்டு, நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சபைகள் கைமாறி, 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் வந்து சேர்ந்தன.

இப்படி நடந்தவர் மெட்ஸ் ஒருவர் மட்டும் அல்லர். அவருடைய வகையைச் சேர்ந்த இன்னும் சிலர் இந்த மலையில் இருந்தார்கள். 1901-இல் கேம்பிரிட்ஜிலிருந்து டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் தோடர்களை ஆராய வந்தார். அவர் 1906-இல் வெளியிட்ட நூல் மானுடவியல் படிப்பவர்களுக்கு இன்றும் பாடம்.   இந்த ரிவர்ஸுக்குத் தோடர் மொழி தெரியாது. அவருக்கு மொழிபெயர்த்தவர்களில் முக்கியமானவர் பி. சாமுவேல், இங்கிலாந்துத் திருச்சபையின் பெண்கள் மிஷனில் உபதேசியார்.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். தோடர்களை அவர்களுடைய சமயத்திலிருந்து அழைத்துவருவது சாமுவேலின் சம்பள வேலை. எருமைப் பால்மனைகளின் நுணுக்கமான சடங்குகளையும், பாற்குருக்களின் விலக்குகளையும், குலமுறைகளையும் ஒரு சொல்லும் திரியாமல் எடுத்துச்சொல்வது அவர் ரிவர்ஸுக்குச் செய்த வேலை. உபதேசியார் மனம் வைத்திருந்தால் கேலியாகவும் சொல்லியிருக்கலாம், சிலவற்றை விழுங்கியும் இருக்கலாம். எழுநூறு பக்கத்துக்கு மேல் ஓடும் அந்த நூல் அப்படி எழுந்ததல்ல என்பது படித்தால் தெரியும். ரகசியச் சடங்குகளைச் சொன்ன தோடர்களுக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் வந்தன. ஒருவர் நோயில் விழுந்தார், ஒருவரின் மனைவி இறந்தார். தெய்வங்களின் கோபம் என்று குறிசொல்பவர்கள் சொன்னார்கள். ரிவர்ஸ் இதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சாமுவேல் அந்தப் பேச்சையும் மொழிபெயர்த்திருக்க வேண்டும். தன் சபைக்கும், தன்னிடம் நம்பிச் சொன்ன தோடருக்கும், எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்த துரைக்கும் நடுவே அவர் இருந்த இடம் சுலபமானதல்ல.

சாமுவேல் இருந்த அதே மிஷனைச் சேர்ந்த கேதரின் லிங் அம்மையார் தோடர்களிடையே பல்லாண்டு வேலை செய்தவர். மாற்கு நற்செய்தியைத் தமிழ் எழுத்தில் தோடர் மொழிக்குக் கொண்டுவந்தார். 1910-இலும் 1934-இலும் தன் அனுபவங்களை இரண்டு புத்தகங்களாக எழுதினார். இரண்டின் தலைப்பிலும் விடியல் உண்டு. அவர் பார்த்த சபையோ ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான்.

ஆனால் அந்தச் சின்ன தோடர் கிறிஸ்தவச் சமூகத்திலிருந்து ஒரு பெண் இங்கிலாந்துக்குப் போய்ச் செவிலியர் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அப்போது தோடர்களின் எண்ணிக்கை ஆபத்தான நிலையில் இருந்தது. 1931 கணக்கெடுப்பில் 600-க்கும் கீழே. பாலியல் நோயால் பல பெண்களுக்குக் குழந்தைப்பேறு இல்லாமல் போயிருந்தது. மருத்துவமனைக்கு வரத் தயங்குகிற தோடர்களைத் தேடி, மருந்து வண்டியோடு மந்து மந்தாகப் போனது அந்தச் செவிலியர் இருந்த குழு. அவர் கிறிஸ்தவர், சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் எருமைக் கோயிலைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் அவரிடம் மனம் திறந்தது அவர் தோடர் மொழி பேசியதால், பூத்குளிச் சால்வை போர்த்திய பாட்டிமாரை உறவுமுறை சொல்லி அழைத்ததால். இன்று தோடர்கள் இரண்டாயிரத்தை ஒட்டி இருக்கிறார்கள். அதற்குப் பல காரணம் உண்டு, பலரின் உழைப்பு உண்டு. குன்னூர் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958-இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் மலையின் மற்றப் பழங்குடிகளுக்குச் செய்ததும் இந்த வரிசையில் வரும். மதம் எதுவானாலும், மலையில் வேலை நடந்தது நடந்து போனவர்களால்தான்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். மெட்ஸும் அவருடைய தோழர்களும் பாசலுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் அங்கே மிஷன் ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பழைய புகைப்படங்கள் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கடிதங்கள் அப்படியல்ல, இன்றைய ஜெர்மானியர்களே தடுமாறுகிற பழைய சாய்வெழுத்தில் எழுதப்பட்டவை. அவற்றில் எந்த ஹட்டிக்குப் போனார், யார் திண்ணையில் உட்காரவைத்தார்கள், யார் எதிர்வாதம் செய்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். மிஷனரியின் பேச்சு நமக்கு அச்சில் கிடைத்துவிட்டது. அவரோடு வாதாடிய படுகப் பெரியவர்களின் பதில்கள்தான் நமக்கு வேண்டும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரும், கேத்தி, கோத்தகிரிப் பக்கத்து ஊர்ப்பெயரையும் குடும்பப்பெயரையும் கேட்டவுடன் அடையாளம் சொல்லத் தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் சில மாதம் உட்கார்ந்தால் போதும். இரண்டாவது வகை ஆட்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேராவது இருக்கிறீர்கள். முதல் வகைக்கு உதகை, கோவைக் கல்லூரிகளில் ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளிலிருந்து தொடங்கலாம். ஆர்வமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள், பேசுவோம்.